கோளாம்பியும் கண்ணாடிக் கூண்டும்

மட்டாஞ்சேரியில் ரகசியம் என்ற ஒன்றை அடியோடு ஒழித்த மனிதர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும். ஊருக்கு அவர் கோளாம்பி. கொச்சிப் பக்கம் கோளாம்பி என்றால் திருவிழாவிலும் தேர்தல் ஜீப்பிலும் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கி. அந்தக் கூம்புக்காவது ஒரு திருகு உண்டு, திருப்பினால் சத்தம் குறையும். எங்கள் ஆளைச் செய்தவர் அதை வைக்க மறந்துவிட்டார்.

படிப்பில் ஆளைக் குறை சொல்ல முடியாது. சமூகப் பணியில் முதுகலை, அதிலும் முதல் வகுப்பு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவார்; எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவார். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் என்பது பிழைப்பு. லீவு நாளில் ஆட்டோவின் பின்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து அனௌன்ஸ்மென்ட் செய்துகொண்டு கலூர் வரை போய் வருவதுதான் வாழ்க்கை. கால்பந்துப் போட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன ஆடு, எதுவானாலும் "பிரியப்பெட்ட நாட்டுக்காரே!" என்று, அதாவது அன்பான ஊர்க்காரர்களே என்று, ஆரம்பிப்பார். மைக் செட்காரர்கள் தன்னைத் தேடி வருவதற்குக் காரணம் குரல் வளம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பேட்டரி மிச்சம் என்பதுதான் காரணம்.

காலையில் வந்ததும் ரத்தப் பரிசோதனை அறைக்குப் பக்கத்துக் குழாயில் உப்பு வெந்நீரால் தொண்டை கொப்பளிப்பார். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள், உள்ளே யாருக்கோ என்னவோ செய்கிறார்கள் என்று பயந்து எழுந்து போயிருக்கிறார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு மிளகு, ஒரு கல்கண்டு. "டாக்டர்மாருக்கு ஸ்டெதஸ்கோப் சார், எனக்குத் தொண்டை" என்பார். அதை எனக்கு மட்டும் சொல்வதாக அவர் எண்ணம். மாடியில் பிரசவ வார்டு வரை தெரியும்.

நான் அங்கே நிர்வாக அதிகாரி. ஓர் அறக்கட்டளை நடத்துகிற ஆஸ்பத்திரி. பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். சிரிஞ்சு வாங்குவதிலிருந்து எந்தக் கழிவை எந்த நிறப் பையில் போடுவது என்பது வரை எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். விதி தெரிந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன மரியாதை என்பதும் தெரியும். கையெழுத்து வேண்டும்போது டாக்டர்கள் 'சார்' என்பார்கள். மற்ற நேரத்தில் நாற்காலிக்கும் எனக்கும் வித்தியாசம், நாற்காலிக்கு வருடாவருடம் கணக்கெடுப்பு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவ உலகத்துக்கு ஒரு ஞானோதயம் ஏற்பட்டது. நோயாளிக்கு வயிறு உண்டு, அதில் பசி உண்டு. நோயாளிக்கு வீடு உண்டு, அதற்குக் கூரை உண்டு அல்லது இல்லை. இதையெல்லாம் விசாரிக்காமல் எழுதிக் கொடுத்தால் மாத்திரை வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்க மெத்தப் படித்தவர்கள் பலர் தேவைப்பட்டார்கள். எங்கள் நிர்வாகக் குழுவும் கண்டுபிடித்தது, சற்றுத் தாமதமாக, இடப்பள்ளியிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்து. கொச்சி வெயிலில் கோட்டுப் போட்டு வந்த மனிதர். அவர் கொண்டுவந்த கேள்விகளும் கோட்டுப் போட்டிருந்தன. ஏதோ குளிர் தேசத்துச் சரக்கு. முதல் கேள்வியே, வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள உங்களுக்கு வசதி இருக்கிறதா?

பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிற ஒருவரிடம் அதைக் கேட்டுப் பார்த்தோம். வேர்வையில் நனைந்த சட்டையோடு நின்றவர், "சூடு எம்பூட்டு வேணும் சாரே? என் வீட்டுத் தகரத்துக்குக் கீழே வந்து உட்காரு, நீ வேகற வரைக்கும் தரேன்" என்றார். அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. மிஞ்சியவை இவை: வீட்டில் சாப்பாடு உண்டா, வீடு குடியிருக்கும்படி இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு வந்து போக வழி உண்டா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா. கடைசிக் கேள்வியைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். மட்டாஞ்சேரியில் பேச ஆள் இல்லாதவன் யார்? வாயை மூடுகிற ஆள் கிடைக்காமல்தான் இந்த ஊர் அவதிப்படுகிறது.

இக்கேள்விகளை நோயாளியிடம் தனிமையில், தாழ்ந்த குரலில், கனிவோடு கேட்க வேண்டும் என்பது விதி. அதற்காக நிர்வாகக் குழு கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த ஆள் கோளாம்பி. காரணம், சமூகப் பணி படித்தவர் அவர் ஒருவர்தான். ஆலோசகர் அவருடைய சான்றிதழைப் பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஓ.பி. ஹாலில் பெஞ்சுகளுக்கு எதிரே மேஜை போட்டுக் கொடுத்தார்கள். முதல் நோயாளி பிராட்வேயில் பூ விற்கிற ஒரு பெண். கோளாம்பி முன்னால் குனிந்து, கனிவாக, "வீட்டுல சாப்பாடு உண்டோ?" என்று கேட்டார். எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விட்டுவிட்டார். வாசலுக்கு வெளியே சாயாக் கடைக்காரர், "ஊணு இன்னும் ஆகல சேட்டா!" என்று பதில் குரல் கொடுத்தார்.

பூக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்களுக்கென்ன சார், எல்லாம் இருக்கு."

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் ஒன்று இல்லை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட, அது இல்லாமலே செத்துப்போவது கௌரவம் என்று நினைப்பார்கள். ஆனால் அவர்களுக்கே இன்னொரு குணமும் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் அப்படிப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவர்களால் முடியாது.

"கள்ளம்!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ வீட்டுல கேஸ் தீந்து கிடக்கு சாரே. நேத்து எங்க வீட்டுலருந்துதான் கஞ்சி போச்சு."

"யாருடீ உன்கிட்ட கஞ்சி கேட்டது? நீயா கொண்டாந்து வெச்சே."

"வெச்சதைக் குடிச்சியா இல்லியா, அதைச் சொல்லு."

கோளாம்பி 'சாப்பாடு: இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

இப்படியாக, கேட்பது கோளாம்பி, பொய் சொல்வது நோயாளி, உண்மை சொல்வது பெஞ்சு என்று ஒரு முறை தானாக முளைத்துவிட்டது. எந்தக் கையேட்டிலும் இல்லாத முறை. பெஞ்சு சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதருக்கு மூன்று மனைவிகள், அதனால் வீட்டில் சண்டை என்று பெஞ்சு ஒருமுறை அடித்துச் சொன்னது. விசாரித்தால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கஷ்டம் என்று பெஞ்சு காட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த அரிசிப் பையோடு போன எங்கள் ஆளை, அந்த வீட்டுக்காரர் மாவரைக்கும் குழவியோடு துரத்தியதும் உண்டு. அதிலும் கோளாம்பிக்கு மகிழ்ச்சிதான். ஓடி வரும்போது அவர் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து அரிசி வாங்கிக்கொண்டார்கள்.

அடி விஷயம் பற்றிய கேள்வியை அந்த மூட்டைத் தொழிலாளியிடம் கேட்டபோது ஹால் முழுவதும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. அவருடைய தோளே ஒரு கதவு அகலம். "வீட்டுல யாராச்சும் அடிக்கிறதுண்டோ?" என்று கோளாம்பி முழங்கினார். அவர் "உண்டு" என்றார். பெஞ்சில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லா நாளும் சிரிப்பில் முடியவில்லை. ஒரு நாள் கையில் கட்டோடு ஓர் இளம்பெண் வந்தாள். அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். ஹால் மொத்தமும் திரும்பியது. வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த அவள் கணவனும் திரும்பினான். பெண் எழுந்து போய்விட்டாள். பெஞ்சு அன்றைக்குக் 'கள்ளம்' என்று சொல்லவில்லை. அவள்தான் ஒன்றுமே சொல்லவில்லையே.

அன்று மாலை கோளாம்பி என் அறைக்கு வந்தார். "சார், இந்த ஒச்சயக் கொறைக்க எந்தா வழி?" என்று தன் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். அவர் வருத்தத்தோடு கேட்டார் என்று ஆஸ்பத்திரிக்கே தெரிந்தது.

மறுநாள் கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். பலன் இல்லை. வாயில் கல்கண்டை அடக்கிக்கொண்டு பேசிப் பார்த்தார். குரல் அதேதான், கூடவே கடகட என்று கல் உருளும் சத்தம். கடைசியில் காற்றாக மட்டும் பேசப் பழகினார். ஆக்சிஜன் குழாய் பிய்த்துக்கொண்டது என்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டெக்னீஷியன் ஓடி வந்தார். அந்தப் பெண்ணை ஒரு நர்ஸ் தேடிப் போய், பக்குவமாகப் பேசி, அவளுடைய அம்மா வீட்டில் சேர்த்தது தனிக் கதை. அதில் கோளாம்பியின் பங்கு, நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டதன் பேரில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமல் இருந்ததுதான்.

எனவே நான் கூண்டு கட்டச் சொன்னேன். ஹாலின் மூலையில் அலுமினியச் சட்டம், தடித்த கண்ணாடி, கதவில் ரப்பர் பட்டை. தனிமை என்று விதி சொன்னால் தனிமைதான். ஓடுகிற மின்விசிறிக்கும் சத்தம் உண்டு என்பதை அன்றுதான் அந்த ஹால் தெரிந்துகொண்டது. உள்ளே கோளாம்பி மீன் தொட்டியில் வாயசைக்கிற மீன் மாதிரி இருந்தார். எதிரே நோயாளி தலையாட்டுவார். பெஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொட்டாவி விட்டது.

அந்த மாதமே மட்டாஞ்சேரி சொர்க்கமாகிவிட்டது. பசி இல்லை, ஒழுகும் கூரை இல்லை, அடி உதை இல்லை. கேட்கப்பட்ட அனைவரும் 'எல்லாம் உண்டு' என்றார்கள். ஆலோசகர் எங்கள் திட்டத்தின் வெற்றி என்று இதை நிர்வாகக் குழுவுக்கு விளக்கினார். கேள்வி கேட்டதாலேயே தேவைகள் தீர்ந்துவிட்டனவாம். குழு கை தட்டியது.

"சார், உள்ளே வந்தா எல்லாரும் கள்ளம் சொல்லுறாங்க சார்" என்று கோளாம்பி என்னிடம் புலம்பினார்.

"உங்களுக்கு ஆள்கூட்டம் இல்லாமல் பேச வரவில்லை. அதைச் சொல்லுங்கள்."

"அதும்தான் சார்" என்று ஒப்புக்கொண்டார்.

மாடசாமி விஷயம் வந்தது அப்போதுதான்.

மாடசாமி கார்ப்பரேஷனில் தெருவோர ஓடை சுத்தம் செய்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், தனியாள். "இந்த ஊரு வெள்ளத்தை எல்லாம் வடிய விட்டவன் நான். நான் இல்லேன்னா நீங்கள்லாம் வள்ளத்துலதான் ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்று பெஞ்சில் உட்கார்ந்து அளப்பார். சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஒரு புண். மருந்து மாற்றினார்கள், ஊசி மாற்றினார்கள், சர்க்கரையும் ஒருவழியாக அடங்கியது. புண் மட்டும் ஆறவில்லை. ஒவ்வொரு தடவை கட்டைப் பிரிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் ஊறி, இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது.

எங்கள் சர்ஜன் அம்மா கோட்டயத்துக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். "இந்தப் புண் சதா ஈரத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. வீடு எப்படி என்று கேளுங்கள்" என்றார். கூண்டில் கேட்டார்கள். "நல்ல உணங்கின வீடு சாரே. தரையில படுத்தா முதுகு சுடும்" என்றார் மாடசாமி. உணங்கினது என்றால் காய்ந்தது. அடுத்த முறையும் அதேதான். சர்ஜன் அம்மா பெருமூச்சு விட்டுத் தேதி குறித்தார். பாதத்தை எடுத்துவிடுவது. இல்லாவிட்டால் முழங்கால் வரை போகும்.

அவரைப் படுக்கையில் சேர்க்க வேண்டிய நாளும், தரச்சான்று கொடுக்கிற அமைப்பிலிருந்து ஆய்வாளர்கள் வருகிற நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. நான் ஓய்வு பெறுவதற்கு முன் அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கிருந்த ஒரே ஆசை. ஆய்வாளர்கள் இருவர். கழிவறை பார்த்தார்கள், தீயணைப்பான் பார்த்தார்கள், எல்லாம் திருப்தி. என் கிரீடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டின் முன்னால் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உள்ளே மாடசாமி இருந்தார். நாளைக் காலை பாதத்தை எடுக்குமுன் கடைசியாக ஒருமுறை வீட்டைப் பற்றிக் கேட்டுவிடச் சொல்லி சர்ஜன் அம்மா அனுப்பியிருந்தார். கோளாம்பியின் வாய் அசைந்தது. மாடசாமி தலையாட்டினார். மறுபடி அசைந்தது. மறுபடி தலையாட்டினார்.

"பார்த்தீர்களா, ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை" என்றேன்.

கதவு திறந்தது.

"பிரியப்பெட்ட நாட்டுக்காரே!"

ஆய்வாளர் ஒருவரின் பேனா கீழே விழுந்தது.

"நம்முடைய மாடசாமி அண்ணன், தன்னோட வீடு நல்ல உணங்கின வீடுன்னு இதனால் அறிவிச்சிருக்கார்! அது நெசமானா, நாளைக் காலையில அண்ணனோட வலது பாதம் வெட்டி எடுக்கப்படும்! ஆட்சேபம் உள்ள நாட்டுக்காரங்க இப்பவே, இந்த நிமிஷமே, எழுந்து நின்னு சொல்லணும்! மறுபடியும் அறிவிக்கிறோம்..."

மறுபடியும் அறிவிக்கத் தேவைப்படவில்லை. நடு பெஞ்சில் சரசு எழுந்துவிட்டாள். மாடசாமியின் அடுத்த வீட்டுக்காரி. தோசை மாவு அரைத்து வீடுவீடாகக் கொடுத்து, அதிலேயே மாடி கட்டியவள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பல வருஷம்.

"உணங்கின வீடா? அந்த வீட்டுல கரிமீன் வளக்கலாம்!"

"ஏய் சரசு, உன் சோலியைப் பாரு" என்று கூண்டுக்குள்ளிருந்து கத்தினார் மாடசாமி.

"விடிகாலம் எந்திரிச்சா கட்டிலுக்கடியில வெள்ளம். இவரு செருப்பு மிதந்து மிதந்து என் வாசலுக்கு வருது. நாந்தான் எடுத்து மதில் மேல வெக்கறேன். பின்ன யாரு வெக்கறதுன்னு நினைச்சே, கடலம்மாவா?"

மாடசாமிக்குக் கோபம் தலைக்கேறியது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். "வெள்ளம் எங்கேருந்துடீ வந்துச்சு? நீ முற்றத்துல லோடு லோடா மண்ணடிச்சு உசத்தினே. உன் வீட்டுக்கு வரவேண்டிய வெள்ளம் பூரா என் வீட்டுக்கு வருது. வேலியேற்றம் வர்ற மாசமெல்லாம் முட்டு வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் நான் சாயா போடறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வேலியேற்றம் என்பது காயல் பொங்கி, ஓடை வழியாகத் திரும்பி, உப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்பது. மட்டாஞ்சேரியில் அது யாருக்கும் புதிதல்ல. அதை மாடசாமி வாயால் கேட்டதுதான் புதிது.

சத்தம் கேட்டு சர்ஜன் அம்மா வந்திருந்தார். கேட்காமல் எப்படி? "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

மாடசாமி தரையைப் பார்த்தார். "ஊரு ஓடையெல்லாம் திறந்து விட்டவன் டாக்டரம்மா. என் வீட்டுலயே வெள்ளம்னு எந்த வாயால சொல்றது?"

"பாதத்தை எடுத்துவிட்டு அதே தண்ணீருக்கு அனுப்பினால் மிச்சக் காலும் போகும். காய்ந்த இடம் ஒன்று கிடைத்தால், கத்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கலாம். இடம் உண்டா?"

கேட்டது மாடசாமியிடம். பதில் சொன்னது பெஞ்சு.

"மண்ணடிச்சவ குடுக்கட்டும்."

"என் மாடியில உளுந்து மூட்டை கிடக்கு!" என்றாள் சரசு.

"உளுந்தைக் கீழே எறக்கு. அண்ணனை மேலே ஏத்து."

"கீழே வெச்சா எலி தின்னாதா?"

அந்த மூட்டைத் தொழிலாளி அன்றும் பெஞ்சில் இருந்தார். "எலி தின்னா வேற உளுந்து வாங்கலாம் சேச்சி. காலு எந்தக் கடையில விக்குது?"

சரசு ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மாடியில மீன் பொரிக்கக் கூடாது. அதை மட்டும் இப்பவே சொல்லிட்டேன்."

"உன் புளிச்ச மாவு நாத்தத்துக்கு மீன் நாத்தம் எவ்வளவோ மேல்" என்றார் மாடசாமி. சம்மதம் என்று அர்த்தம்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, "இது எந்த நடைமுறையின் கீழ் வருகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாவற்றையும் மனதில் புரட்டினேன். கழிவு அகற்றும் பிரிவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சான்றிதழ் அந்த வருடம் வரவில்லை. 'நோயாளியின் அந்தரங்கம் ஒலிபரப்பப்பட்டது' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. கோளாம்பிக்கு நான் மெமோ கொடுத்தேன். அவர் என் அறைக்கு வந்து பதில் சொன்னார். ஆஸ்பத்திரியே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"கூண்டுக்குள்ள கேட்டேன் சார், கள்ளம் வந்துச்சு. வெளியே கேட்டேன், காலு வந்துச்சு. இதுல என் தப்பு என்னன்னு எழுதிக் குடுங்க சார், ஒப்பிட்டுத் தரேன்."

எழுதிக் கொடுத்தேன், விதி எண்ணோடு. ஒப்பிட்டுக் கொடுத்தார், அதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கூண்டு சரியானது. அடி பற்றிய கேள்வியை இப்போதும் ஒரு நர்ஸ் அதற்குள் வைத்துத்தான் கேட்கிறார். எத்தனையோ பெண்கள் அங்கே வாய் திறக்கிறார்கள். மற்ற கேள்விகளுக்குக் கோளாம்பியைப் பழையபடி ஹாலுக்கு அனுப்பினார்கள். நிர்வாகக் குழுவின் தீர்மானம் அது. அதற்கான குறிப்பை எழுதி வைத்தவன் நான் என்பதால் அந்தத் தீர்மானம் எனக்குப் பிடித்திருந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாடசாமிக்குச் சுண்டுவிரல் போயிற்று. பாதம் நின்றது. வேலியேற்ற மாதங்கள் முடிந்த பிறகும் அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும், தன் சொந்தக் காலில் நடந்து வந்து, சரசுவின் சாம்பாரில் உப்பு இல்லை என்று பெஞ்சில் புகார் சொல்வார். பக்கத்திலேயே உட்கார்ந்து, "உனக்குத்தான் வெள்ளத்துல நின்னு உப்பு ஏறிக் கிடக்கே, இன்னும் எதுக்கு?" என்பாள் சரசு.

நான் ஓய்வு பெற்றேன். மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு தலைசுற்றல் வந்தது. வேறு எங்காவது போயிருக்கலாம். விதி தெரிந்த இடம் என்று அங்கேயே போனேன். சீட்டெடுத்து, முறைப்படி பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் மேஜைக்குப் போனேன்.

கோளாம்பிக்கு நரை ஏறியிருந்தது. குரலுக்கு ஏறவில்லை. சாப்பாடு உண்டு, வீடு உண்டு, வர ஆட்டோ உண்டு என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"மனசு விட்டுப் பேச யாராச்சும் உண்டோ சார்?"

"உண்டு, உண்டு. எல்லாம் உண்டு."

"கள்ளம்!"

திரும்பிப் பார்த்தேன். மாடசாமி. "ரேடியோவுல நியூஸ் படிக்கிறவளோட தினம் சண்டை போடறார் சாரு. அவ தப்பாச் சொல்றாளாம், இவரு திருத்தறார். சரசு வீட்டு மாடியிலருந்து நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இது தனிமையில் கேட்க வேண்டிய கேள்வி. விதிப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"கூண்டுக்குள்ள போகலாமா சார்?" என்றார் கோளாம்பி.

கூண்டைப் பார்த்தேன். நான் கட்டச் சொன்னதுதான். ரப்பர் பட்டைகூட இன்னும் கெடவில்லை. "வேண்டாம்" என்றேன்.

கோளாம்பி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பிரியப்பெட்ட நாட்டுக்காருக்கும் தெரியும்.

இப்போது சாயங்காலமானால் கோளாம்பி என் வீட்டுக்கு வருகிறார். தெருமுனையில் திரும்பும்போதே "சாரே, சாயா ஆச்சா?" என்று கேட்டுவிடுகிறார். என் வீட்டுக்கு ஆள் வருகிறது என்று தெரு முழுவதற்கும் தெரிகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தினமும் கண்டிக்கிறேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? போன வாரம் ஒரு நாள் மழை கொட்டியதில் அவர் வரவில்லை. தெரு அமைதியாக, நாகரிகமாக, விதிப்படி இருந்தது. நான் ரேடியோவைப் போடவில்லை; கழுவி வைத்த இரண்டாவது டம்ளரை இருட்டிய பிறகும் கவிழ்த்து வைக்கவில்லை.